கெட்டமைன் நரம்புவழிச் சிகிச்சை: மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கும் அதிர்ச்சி நோய்க்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

அறுவை அரங்குகளில் 1970 முதல் மயக்க மருந்தாகப் பயன்பட்டுவரும் கெட்டமைன் மனச்சோர்வையும் தணிக்கக்கூடும் என்பதை முறையாகக் காட்டியது, 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு மிகச் சிறிய ஆய்வு. ஏழே நோயாளிகளுக்கு, முழு மயக்கத்துக்குத் தேவையானதைவிடக் குறைந்த அளவில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் வீதம் 40 நிமிடங்களில் அம்மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். வழக்கமான மாத்திரைகள் வாரக்கணக்கில் செய்யும் வேலையை அது மூன்று நாள்களுக்குள் செய்தது. அந்த அளவும் அந்த 40 நிமிடமும்தான் இன்றும் பெரும்பாலான மருத்துவமனைகளில் தொடக்க முறையாக இருக்கின்றன.

பலன் விரைவாக வருகிறது என்பதைப் பல ஆய்வுகள் பிறகு உறுதிசெய்துவிட்டன. ஆனால் ஒருமுறை ஏற்றியதன் பலன் பெரும்பாலோரிடம் ஓரிரு வாரங்களுக்கு மேல் நிற்பதில்லை என்பதும் அதே ஆய்வுகளில்தான் இருக்கிறது. விளம்பரங்களில் முதல் பாதி மட்டுமே வருகிறது. ஆகவே முதல் ஊசிக்கு நாள் குறிப்பதற்கு முன்பே, கடைசி ஊசிக்குப் பிறகு என்ன செய்யப்போகிறோம் என்ற கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டும் என்பதே இவ்வழிகாட்டியின் அடிப்படை. நோயாளியும் வீட்டாரும் மருத்துவரோடு உட்கார்ந்து முடிவெடுப்பதற்காக இது எழுதப்படுகிறது. எவரும் தாமாகச் செய்துபார்ப்பதற்காக அல்ல. இம்மருந்தைக் கண்காணிப்பின்றி எடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

முதல் படி: மருந்துக்கு அடங்கவில்லை என்பதை உறுதிசெய்தல்

இரண்டு வெவ்வேறு மனச்சோர்வு மாத்திரைகளை, ஒவ்வொன்றையும் போதிய அளவில், ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை விடாமல் உட்கொண்டும் நோய் தணியாவிட்டால்தான் அதை மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு என்று மனநல மருத்துவர்கள் கருதுவார்கள். வாய் உலர்கிறது என்று பத்தாம் நாளில் நிறுத்திய மாத்திரையும், தொடக்க அளவிலிருந்து ஒருபோதும் உயர்த்தப்படாமல் ஓராண்டு ஓடிய மாத்திரையும், நன்றாக இருக்கிறதே என்று தாமாகவே விட்டுவிட்ட மாத்திரையும் இந்தக் கணக்கில் சேரா. ‘எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, ஒன்றும் கேட்கவில்லை’ என்று வருபவர்களின் பழைய சீட்டுகளைப் புரட்டினால், முறையாகக் கொடுத்துப் பார்க்கப்பட்டது ஒன்றே ஒன்றாக இருப்பது அரிதல்ல.

ஏறத்தாழ 4,000 நோயாளிகளைப் பின்தொடர்ந்து, 2006-இல் முடிவுகள் வெளியான ஸ்டார்-டி என்ற அமெரிக்க ஆய்வில், முதல் மாத்திரையிலேயே நோய் முழுமையாக நீங்கியவர்கள் மூன்றில் ஒருவர் அளவினரே. இரண்டு மாத்திரைகள் தோற்றபின் மூன்றாவதில் குணமடைந்தவர்களோ ஏறத்தாழ ஏழில் ஒருவர். இரண்டைத் தாண்டியபின் இன்னொரு மாத்திரையை மாற்றிப் பார்ப்பதைவிட வேறு வகைச் சிகிச்சையை யோசிப்பது நியாயம் என்ற கருத்துக்கு இந்த எண்களே ஆதாரம்.

எனவே முதல் வேலையாக ஒரு தாளை எடுத்து, இதுவரை உட்கொண்ட ஒவ்வொரு மாத்திரையின் பெயர், எட்டிய உச்ச அளவு, எத்தனை வாரம் எடுத்தீர்கள், எதற்காக நிறுத்தினீர்கள் என்ற நான்கையும் வரிசையாக எழுதுங்கள். சீட்டு தொலைந்திருந்தால் மருந்துக் கடைக்காரரிடமோ பழைய மருத்துவமனையிலோ கேட்டுப் பெறுங்கள். அடுத்ததாக, மனச்சோர்வைப் போலவே தோன்றும் அல்லது அதைத் தீரவிடாமல் பிடித்துவைக்கும் உடற்காரணங்களைச் சோதித்தாக வேண்டும். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 குறைபாடு, தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய், நாள்தோறும் குடிக்கும் மது, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. எப்போதாவது சில நாள்கள் தூக்கமே தேவைப்படாமல், பேச்சும் செலவும் திட்டங்களும் கட்டுமீறிப் போன காலம் இருந்திருந்தால், அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இருதுருவ நோய் உள்ளவருக்கு மருந்துத் திட்டமே வேறு. அவருக்குக் கெட்டமைன் கொடுப்பதாக இருந்தாலும் மனநிலையை நிலைப்படுத்தும் மருந்து உடன் இருக்க வேண்டும்.

விபத்து, போர், பாலியல் வன்முறை, இளவயதுக் கொடுமை போன்றவற்றுக்குப் பின் வரும் அதிர்ச்சி நோய்க்கு (பிடிஎஸ்டி) இந்தச் சோதனை வேறு விதமாக அமையும். அந்நோய்க்கு முதன்மைச் சிகிச்சை அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சைதான். அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்டிஏ அதற்கென அனுமதித்திருக்கும் மாத்திரைகள் செர்ட்ராலின், பராக்செட்டின் ஆகிய இரண்டே. அத்தகைய பேச்சுச் சிகிச்சையைத் தொடங்கவே இல்லை என்றால், கெட்டமைனைப் பற்றிப் பேசுவதற்கு நேரம் இன்னும் வரவில்லை என்பது என் கருத்து.

இரண்டாம் படி: எதற்கு எவ்வளவு சான்று என்று தெரிந்துகொள்ளுதல்

மனச்சோர்வுக்கான சான்று வலுவானது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் கார்லோஸ் சராத்தே குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பல மருந்துகள் பலிக்காத 18 பேர் கலந்துகொண்டனர். ஒருமுறை ஏற்றிய மறுநாளே 71 சதவீதத்தினரிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. ஒரு வாரம் கழித்தும் அது நீடித்தவர்கள் 35 சதவீதத்தினர். வெறும் உப்புநீரை ஒப்பீட்டுக்கு வைத்தால் எது மருந்து என்று நோயாளியே கண்டுபிடித்துவிடுவார் என்பதால், 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், தூக்கக்கலக்கம் தரும் மிடசோலாம் என்ற மருந்தை ஒப்பீட்டுக்கு வைத்து 73 பேரைச் சோதித்தார்கள். ஒரு நாள் கழித்துப் பார்த்தபோது கெட்டமைன் குழுவில் 64 சதவீதத்தினரும் மிடசோலாம் குழுவில் 28 சதவீதத்தினரும் பலன் பெற்றிருந்தனர்.

மயக்கத்தில் வைத்து மூளைக்குச் சிறிதளவு மின்சாரம் செலுத்தும் மின்னதிர்வு சிகிச்சையோடு ஒப்பிட்ட இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. காதில் குரல் கேட்பது, ஆதாரமற்ற சந்தேகம் போன்ற மனப்பிறழ்வு அறிகுறிகள் இல்லாதவர்களை மட்டும் சேர்த்து 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூன்று வாரச் சிகிச்சைக்குப் பின் கெட்டமைன் குழுவில் 55.4 சதவீதத்தினரும் மின்னதிர்வுக் குழுவில் 41.2 சதவீதத்தினரும் தேறினர். மருத்துவமனையில் படுத்திருந்த 186 நோயாளிகளைக் கொண்ட ஸ்வீடன் ஆய்விலோ கெட்டமைனில் 46 சதவீதத்தினருக்கும் மின்னதிர்வில் 63 சதவீதத்தினருக்கும் நோய் நீங்கியது. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறதோ அவ்வளவு மின்னதிர்வின் பக்கம் தராசு சாய்கிறது என்று இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பது நியாயமாகப் படுகிறது.

அதிர்ச்சி நோயில் நிலைமை வேறு. நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் நீண்டநாள் அதிர்ச்சி நோய் உள்ள 30 பேருக்கு இரண்டு வாரங்களில் ஆறுமுறை ஏற்றி 2021-இல் வெளியான ஆய்வில், கெட்டமைன் குழுவில் 67 சதவீதத்தினரும் மிடசோலாம் குழுவில் 20 சதவீதத்தினரும் பலன் பெற்றனர். பலன் கண்டவர்களிடம் அது நீடித்த இடைநிலைக் காலம் (பாதிப் பேர் தாண்டிய அளவு) 27.5 நாள்கள். ஆனால் 158 படைவீரர்களிடமும் முன்னாள் படைவீரர்களிடமும் நடந்து 2022-இல் வெளியான பெரிய ஆய்வில், நான்கு வாரங்களில் எட்டுமுறை ஏற்றியும், அதிர்ச்சி நோயின் அறிகுறிகளில் வெற்று மருந்தைவிட (மருந்துச் சத்தே இல்லாத ஊசி) மேலான பலன் தெளிவாகக் கிட்டவில்லை. அவர்களின் மனச்சோர்வுதான் குறைந்தது. ஆகவே மனச்சோர்வும் அதிர்ச்சி நோயும் சேர்ந்திருப்பவர், மனச்சோர்வு தணியும் என்று ஓரளவு நம்பிக்கையோடு போகலாம். கொடுங்கனவுகளும் திடுக்கிடல்களும் அடங்கும் என்று யாரேனும் உறுதி சொன்னால் அவ்வுறுதிக்குச் சான்று போதாது.

இன்னொரு முடிவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வுள்ள 40 பேருக்கு, வேறு அறுவை சிகிச்சைக்காக முழு மயக்கத்தில் இருந்த நேரத்தில் கெட்டமைனோ வெற்று மருந்தோ கொடுத்தார்கள். எது கிடைத்தது என்று நோயாளிக்குத் தெரிய வழியே இல்லாத அந்தச் சோதனையில், இரு குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறின. மயக்க மருந்துகளே கெட்டமைனின் வேலையைத் தடுத்திருக்கலாம் என்ற விளக்கமும் உண்டு, எதிர்பார்ப்பின் பங்கு பெரிது என்ற விளக்கமும் உண்டு.

மருந்து மூளையில் செய்வது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். வழக்கமான மாத்திரைகள் செரட்டோனின், நார்எபிநெஃப்ரின் போன்ற மூளை வேதிப்பொருள்களின் வழியே செயல்படுகின்றன. கெட்டமைன், குளுட்டமேட் என்ற வேதிப்பொருளின் சமிக்ஞையை நரம்பணுவில் வாங்கும் என்எம்டிஏ ஏற்பிகளை அடைக்கிறது. அதன் தொடர்விளைவாக நரம்பணுக்களுக்கு இடையில் நலிந்துபோன இணைப்புகள் மீண்டும் முளைக்கின்றன என்று விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். மருந்தின் பெரும்பகுதி சில மணி நேரத்தில் உடலைவிட்டு நீங்கியபிறகும் மனநிலை மாற்றம் தொடர்வதற்கு இதுவே காரணம் என்பது பரவலான கருத்து.

மூன்றாம் படி: ஆகாதவர்களை விலக்குதல்

கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், ரத்தக்குழாய்ச் சுவர் பலூன்போல் புடைக்கும் வீக்கம் (அனியூரிசம்), மூளையில் முன்பு ஏற்பட்ட ரத்தக்கசிவு, அண்மையில் வந்த மாரடைப்பு ஆகியவை இருந்தால் இச்சிகிச்சையைத் தவிர்க்க வேண்டும். ஏனெனில் மருந்து ஏறும்போது மேல் அழுத்தம் சராசரியாக 20 புள்ளிகள் வரை உயரும். மனப்பிறழ்வு அறிகுறிகள் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், மது அல்லது போதைப் பழக்கத்தின் பிடியில் இப்போது இருப்பவர்களுக்கும் கொடுப்பதில்லை. கல்லீரல் பாதிப்பும் சிறுநீர்ப்பை நோயும் உள்ளவர்கள் தனியாகப் பேசி முடிவெடுக்க வேண்டும். அடிப்படைச் சோதனைகளாக ஈசிஜி, கல்லீரல் சோதனை, சிறுநீர்ச் சோதனை, ரத்த அழுத்தப் பதிவு ஆகியவற்றைக் கேட்பார்கள்.

ஏற்கெனவே எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலையும் மறைக்காமல் காட்டுங்கள். லோராசெபாம், குளோனாசெபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் கெட்டமைனின் பலனை மட்டுப்படுத்தக்கூடும்; லாமோட்ரிஜின், நால்ட்ரெக்சோன் பற்றியும் அந்த ஐயம் உண்டு. அதற்காக அவற்றை நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. பதற்ற மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பே வரலாம். எதை, எத்தனை நாளில், எப்படிக் குறைப்பது என்பது எழுதிக் கொடுத்த மருத்துவரின் வேலை.

நான்காம் படி: இடத்தையும் வடிவத்தையும் தேர்ந்தெடுத்தல்

நரம்பு வழியாக ஏற்றும் கெட்டமைனுக்கு மயக்க மருந்து என்ற அனுமதி மட்டுமே உண்டு. எந்த மனநோய்க்கும் எஃப்டிஏ அதை அனுமதிக்கவில்லை. அனுமதிக்கப்படாத பயனுக்கு மருத்துவர் தம் பொறுப்பில் எழுதுவது சட்டப்படி தவறில்லை. அனுமதி பெற்றது, கெட்டமைனில் கலந்திருக்கும் இரு மூலக்கூறு வடிவங்களுள் ஒன்றான எஸ்கெட்டமைன். ஸ்ப்ரவேட்டோ என்ற பெயரில் மூக்கில் பீய்ச்சும் மருந்தாக 2019 மார்ச்சில் மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கவும், 2025 ஜனவரியில் தனித்துக் கொடுக்கவும் அனுமதிக்கப்பட்டது. அதைச் சான்று பெற்ற மையத்தில் மட்டுமே எடுக்க முடியும். எடுத்தபின் குறைந்தது இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தாக வேண்டும். முதல் நான்கு வாரம் வாரத்துக்கு இருமுறை, பிறகு படிப்படியாக இடைவெளி கூட்டப்படும்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்குச் செலவே பெரும்பாலும் தேர்வை முடிவுசெய்கிறது. கெட்டமைன் காப்புரிமை தீர்ந்த மலிவான மருந்து. ஆனால் அறை, செவிலியர், கண்காணிப்பு ஆகியவற்றுக்குச் சேர்த்து ஒருமுறைக்கு 400 முதல் 800 டாலர் வரை வாங்கும் மையங்கள் சாதாரணம், அதைக் காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. மூக்கு மருந்தைப் பல நிறுவனங்கள் முன்னனுமதியோடு ஏற்கின்றன. முதல் ஆறு முறைக்குப் பணம் இருக்கிறது, பராமரிப்புக்கு இல்லை என்ற நிலையில் தொடங்குவது ஆபத்தான ஏமாற்றத்தில் முடியக்கூடும். பல ஆண்டு இருட்டுக்குப் பின் இரண்டு வாரம் தெளிந்து, மீண்டும் இருளில் விழும் மனம், முன்பைவிட நொந்துபோகும்.

இந்தியாவில் இருப்பவர்களுள் பலர் கடத்தல் செய்திகளில்தான் இம்மருந்தின் பெயரைக் கேட்டிருப்பார்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் இது 2011-இல் மனமயக்கப் பொருளாக அறிவிக்கப்பட்டது. 2013-இல் ஷெட்யூல் எக்ஸ் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அதன்படி மருத்துவரின் சீட்டு இரு படிகளாக வேண்டும், ஒரு படியை மருந்துக் கடை இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். இக்கட்டுப்பாட்டால் நோயாளிக்கு ஒரு நன்மை உண்டு. மருத்துவமனைக்கு வெளியே இம்மருந்தைத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த ஒன்றே அவரை விட்டு விலகப் போதுமான காரணம்.

மையத்தை நேரில் பார்க்கும்போது சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். சிகிச்சைக்கு முன் மனநல மருத்துவர் முழுமையாகப் பேசிப் பார்ப்பாரா, அல்லது படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போதுமா? மூச்சு தடைபட்டால் கையாளத் தெரிந்த மருத்துவர் அதே கட்டடத்தில் இருப்பாரா? ஆக்சிஜனும் அவசர மருந்துகளும் அறையில் இருக்கின்றனவா? பலன் இல்லையென்றால் எத்தனையாவது முறையோடு நிறுத்துவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு எண்ணாக விடை சொல்லாத இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

அஞ்சலில் வீட்டுக்கே வரும் வாயில் கரையும் வில்லைகளைப் பற்றி எஃப்டிஏ 2023 அக்டோபரில் எச்சரிக்கை வெளியிட்டது. கண்காணிப்பின்றி எடுப்பதால் ரத்த அழுத்தம் உயர்வதும், மூச்சு மந்தமாவதும், நினைவு தடுமாறுவதும் கவனிக்கப்படாமல் போகும் என்பதே அதன் சாரம். அதே மாதம் 28-ஆம் தேதி இறந்த நடிகர் மேத்யூ பெர்ரியின் மரணத்துக்குக் கெட்டமைனின் கடும் விளைவுகளே முதன்மைக் காரணம் என்று லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டப் பிணக்கூறாய்வு அறிக்கை பதிவுசெய்தது. அவர் மருத்துவ மேற்பார்வையில் கடைசியாகச் சிகிச்சை பெற்று ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. உடலில் காணப்பட்ட மருந்து அந்தச் சிகிச்சையிலிருந்து வந்ததாக இருக்க முடியாது என்றும் அவ்வறிக்கை கூறியது.

ஐந்தாம் படி: ஏற்றும் நாளுக்குத் தயாராதல்

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன், அனுமதிக்கப்படாத பயன், பக்கவிளைவுகள், மாற்றுச் சிகிச்சைகள் ஆகிய மூன்றும் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு, தொடக்க மதிப்பெண்ணை எடுத்துவைப்பது அவசியம். மனச்சோர்வின் கடுமையை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தில் 0 முதல் 27 வரை மதிப்பெண் வரும்; எண் கூடினால் நோய் கடுமை. அதிர்ச்சி நோய்க்கு இருபது கேள்விகள் கொண்ட பிசிஎல்-5 படிவம் உண்டு, அதில் உச்சம் 80. இந்த எண் இல்லாமல் தொடங்கினால், மூன்றாவது முறைக்குப் பின் ‘கொஞ்சம் பரவாயில்லைபோல் இருக்கிறது’ என்பதைத் தவிர எவராலும் எதுவும் சொல்ல முடியாது.

மயக்க மருந்துக்கான வழக்கப்படி, ஆறு மணி நேரம் திட உணவும் இரண்டு மணி நேரம் தண்ணீரும் தவிர்க்கச் சொல்வார்கள். ரத்த அழுத்த மாத்திரையை அன்று காலை எடுப்பதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக எடுக்கத்தான் சொல்வார்கள். 140/90-க்கு மேல் இருந்தால் பல மையங்களில் அன்றைய சிகிச்சையைத் தள்ளிவைப்பார்கள். கூடவே வந்து காத்திருந்து அழைத்துப்போகும் ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும். அந்த ஆளாக, கேள்வி மேல் கேள்வி கேட்காதவரைத் தேர்ந்தெடுங்கள். திரும்பும் வழியெல்லாம் ‘இப்போது எப்படி இருக்கிறது’ என்று குடைபவரைவிட, பேசாமல் வண்டி ஓட்டும் சித்தப்பாவே மேல்.

ஆறாம் படி: அந்த 40 நிமிடங்கள்

மங்கலான விளக்கு, சாய்ந்து படுக்கும் நாற்காலி அல்லது கட்டில், விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர், ஒரு கையில் பிரஷர் பட்டை, மறு கையில் நரம்பு ஊசி என்று அறை அமைந்திருக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 0.5 மில்லிகிராம் வீதம் கணக்கிட்டால் 30 மில்லிகிராம் வரும். மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் கொண்ட குப்பியிலிருந்து எடுத்தால் அது வெறும் 0.6 மில்லிலிட்டர். அந்தச் சில துளிகளை உப்புநீரில் கலந்து, கைக்கணக்கில் சொட்டவிடாமல், சிரிஞ்ச் பம்ப் அல்லது ட்ரிப்ஸ் பம்ப் மூலம் 40 நிமிடங்களுக்குச் சீராக ஏற்றுவார்கள். இடையில் ரத்த அழுத்தத்தை அடிக்கடி எடுத்து எழுதுவார்கள்.

சில நிமிடங்களில் உதடும் விரல் நுனியும் மரத்ததுபோல் ஆகும், பேச்சு குழையும், அறையின் ஓசைகள் தொலைவிலிருந்து வருவதுபோல் கேட்கும். பிறகு உடல் தன்னுடையதல்ல என்பது போலவும், காலம் நின்றுவிட்டது போலவும், தன்னையே மேலிருந்து பார்ப்பது போலவும் தோன்றலாம். இவ்விலகல் உணர்வு மருந்து ஏறி முடியும் நேரத்தில் உச்சத்தை எட்டி, தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். குமட்டல், தலைச்சுற்றல், தலைவலி, பார்வை இரட்டையாவது ஆகியவை வழக்கமானவை. குமட்டலுக்கு ஒண்டான்செட்ரான் கொடுப்பார்கள். தலையைத் திடீரென்று திருப்பாமல், கண்ணை மூடி, மூச்சை மெதுவாக விட்டபடி இருப்பது உதவும். சொற்களற்ற இசையைப் பலர் விரும்புகிறார்கள். கைப்பேசி வேண்டாம்.

அதிர்ச்சி நோயாளிகளுக்கு இந்த விலகல் உணர்வு தனியான ஒரு சிக்கல். கொடுமை நடந்த நேரத்தில் உடலைவிட்டு விலகி நின்று தப்பித்தவருக்கு, அதே உணர்வு மருந்தால் வரும்போது பழைய காட்சி அப்படியே திரும்பலாம். ஆகவே முன்பே பேசிவைக்க வேண்டியவை பல. ஊசி போடும்போது கையை அழுத்திப் பிடிக்கக் கூடாது என்றால் அதைச் சொல்லுங்கள். கண்பட்டை வேண்டாம், கதவு தெரியும்படி படுக்க வேண்டும், அறையில் இருக்கும் செவிலியர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பவையும் கேட்கத்தக்க கோரிக்கைகளே. தொடுவதற்கு முன் பெயர் சொல்லி அழைக்கும்படி செவிலியரிடம் கேளுங்கள். கலவரமடைந்தால் நீங்கள் காட்டும் சைகை ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள். பம்பை நிறுத்தினால் உணர்வின் தீவிரம் சில நிமிடங்களிலேயே குறையத் தொடங்கும். முதல்முறை இவ்வளவு ஏற்பாட்டோடு நடந்தால் இரண்டாம் முறை அச்சம் பாதியாகிவிடும்.

ஏழாம் படி: வீடு திரும்பியபின் ஒரு நாள்

அன்று வண்டி ஓட்டக் கூடாது; ஓர் இரவு நன்றாகத் தூங்கி எழுந்த பிறகே ஓட்டலாம். பத்திரத்தில் கையெழுத்திடுவதையும், பெரிய பணப் பரிமாற்றத்தையும், மதுவையும், உறவை முறிக்கும் முடிவுகளையும் அன்றைக்குத் தள்ளிவையுங்கள்.

தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கு இந்த ஒரு நாள் மிக முக்கியமானது. 167 பேரின் தரவுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஆய்வில், ஒருமுறை ஏற்றிய ஒரே நாளில் அந்த எண்ணம் குறைந்து, ஒரு வாரம் வரை அக்குறைவு நீடித்தது. அதற்குப் பிந்தைய நாள்களையே வீட்டார் கவனிக்க வேண்டும். மனம் தெளிந்துவிட்டது என்று வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் மீண்டும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடாதீர்கள். எண்ணம் மறுபடியும் தலைதூக்கினால் அடுத்த ஊசியின் தேதிக்காகக் காத்திராமல், இந்தியாவில் டெலி-மானஸ் 14416, இலங்கையில் 1926, அமெரிக்காவில் 988 ஆகிய மனநல உதவி எண்களில் உடனே பேசுங்கள், அல்லது அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

எட்டாம் படி: ஆறு முறையும் அதற்குப் பிறகும்

வழக்கமான திட்டம், இரண்டு அல்லது மூன்று வாரங்களில் ஆறு முறை ஏற்றுவது. ஒவ்வொரு முறைக்கும் முன் அதே படிவத்தை நிரப்புங்கள். மதிப்பெண் தொடக்கத்தில் இருந்ததில் பாதியாகக் குறைந்தால் அதைப் பலன் என்பார்கள். பிஎச்க்யூ-9-இல் ஐந்துக்குக் கீழே போனால் நோய் நீங்கியதாகக் கொள்வார்கள். நான்காவது முறைக்குப் பிறகும் எண் அசையவே இல்லையென்றால், தொடர்வதா என்று அமர்ந்து பேசும் நேரம் அது.

பலன் கிடைத்தவர்களுக்குத்தான் கடினமான பகுதி இப்போது தொடங்குகிறது. மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தாமல் தொடர வேண்டும். பராமரிப்பு ஊசி வாரம் ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று என இடைவெளி நீளவேண்டும். பேச்சுச் சிகிச்சையின் முதல் அமர்வு ஏற்றிய ஓரிரு நாள்களுக்குள் நடப்பது நல்லது. எழுந்து குளிக்கவே முடியாமல் இருந்தவர், நினைவுகளை எதிர்கொள்ளவும் நடைப்பயிற்சிக்குப் போகவும் வேலைக்கு விண்ணப்பிக்கவும் சற்றே தெம்பு பெறும் நாள்கள் இவை. அவற்றில் எந்த வேலையும் நடக்காவிட்டால், மருந்து நீங்கியதும் அதே படுக்கைதான் காத்திருக்கும். ஆகவே உளவியலாளரிடம் முதல் ஊசிக்கு முன்பே நாள் வாங்கிவைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். மையங்கள் பெரும்பாலும் இதை நோயாளியின் பொறுப்பிலேயே விட்டுவிடுகின்றன.

நீண்டநாள் பயன்பாட்டில் இரண்டு ஆபத்துகளைக் கண்காணிக்க வேண்டும். போதைக்காக அடிக்கடி, அதிக அளவில் எடுப்பவர்களிடம் சிறுநீர்ப்பை புண்ணாகிச் சுருங்குவது 2007 முதல் மருத்துவ இதழ்களில் பதிவாகிவருகிறது. சிகிச்சை அளவில் அது அரிது. ஆனாலும் அடிக்கடி சிறுநீர் கழிப்பது, எரிச்சல், அடிவயிற்று வலி, ரத்தம் கலந்து போவது ஆகியவற்றை ஒவ்வொரு வருகையிலும் கேட்பது நல்ல மையத்தின் அடையாளம். மற்றது பழக்கமாகிவிடும் ஆபத்து. இடைவெளியை நீட்டலாம் என்று மருத்துவர் சொல்லும்போதெல்லாம் நோயாளி கலங்குகிறாரா, மனநிலைக்காக அன்றி அந்த விலகல் உணர்வுக்காகவே அடுத்த தேதியை எதிர்பார்க்கிறாரா, இரண்டாவது மையம் ஒன்றை மறைவாகத் தேடுகிறாரா என்று வீட்டார் கவனிக்கலாம். இது பழித்துப் பேச வேண்டிய விஷயமல்ல, மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

ஒன்பதாம் படி: பலிக்காவிட்டால்

கணிசமானோருக்கு இது பலிப்பதில்லை. அவர்களுக்கு வேறு வழிகள் திறந்திருக்கின்றன. காந்தத் துடிப்புகளால் மூளையைத் தூண்டும் ஆர்டிஎம்எஸ் முறைக்கு 2008-இலேயே எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. மாத்திரையோடு லித்தியத்தையோ வேறு துணைமருந்தையோ சேர்ப்பதும் நெடுங்காலமாக நிலைபெற்ற முறை. சாப்பிடவும் பேசவும் மறுத்துவிட்டவருக்கும், மனப்பிறழ்வு அறிகுறிகளோடு கூடிய மனச்சோர்வு உள்ளவருக்கும் மின்னதிர்வு சிகிச்சையே முன்னால் நிற்கிறது. ‘கரண்டு வைப்பது’ என்ற பழைய அச்சம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் கொடுக்காமல் அச்சிகிச்சை செய்வதைத் தடைசெய்திருக்கிறது என்பதை வீட்டாரிடம் எடுத்துச் சொல்லலாம்.

எந்த வழியில் போவதானாலும், கெட்டமைன் மையத்திலிருந்து எழுத்து மூலமான சுருக்க அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஏற்றிய தேதிகள், ஒவ்வொரு முறையும் கொடுத்த அளவு, எட்டிய உச்ச ரத்த அழுத்தம், ஒவ்வொரு நாளின் மதிப்பெண், உடன் எடுத்த மாத்திரைகள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். மேற்சொன்ன இந்தியச் சட்டம் தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையையும் நோயாளிக்கு வழங்கியிருப்பதால், தரமுடியாது என்று சொன்னால் எழுத்து மூலமாகவே கேட்கலாம். அடுத்த மருத்துவரின் மேசையில், முதல் படியில் எழுதிய மாத்திரைப் பட்டியலோடு இந்த அறிக்கையையும் சேர்த்து வையுங்கள்.